லேபிள்ல இருக்கற அந்த நம்பர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கெமிக்கல் பாட்டில் லேபிளை எப்படி படிக்கணும்னு ஒரு சின்ன குறிப்பு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதி லேபிளை விட்டுட்டு அதுக்குப் பின்னாடி இருக்கற வரலாறைக் கேட்டிருந்துச்சு, எனக்கு ரொம்ப சந்தோஷம், இந்த தடவை முழுக்க அதுதான்.

எங்க லேப்ல எல்லா பாட்டில்லயும் சிஏஎஸ் நம்பர்னு ஒண்ணு இருக்கு சார். எத்தனாலுக்கு 64-17-5, மெத்தனாலுக்கு 67-56-1. இது ஆதார் நம்பர் மாதிரியா? யாரு குடுக்கறாங்க?
(பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி மாணவி, திருச்சி)

கிட்டத்தட்ட ஆதார் மாதிரிதாம்மா. அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல கொலம்பஸ்னு ஒரு ஊர், அங்க கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, சுருக்கமா சிஏஎஸ், அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியோட ஒரு பிரிவு. ஜர்னல்லயோ பேட்டன்ட்லயோ புதுசா ஒரு சேர்மம் வந்தா அதுக்கு ஒரு நம்பர் குடுத்து பதிவு பண்ற வேலைய 1965-லேர்ந்து இவங்க பண்ணிட்டு வர்றாங்க. இன்னிக்கு அந்தப் பதிவேட்டுல 20 கோடிக்கும் மேல சேர்மங்கள் இருக்கு.

நம்பருக்குள்ள கெமிஸ்ட்ரி எதுவும் ஒளிஞ்சிருக்காது, நம்பரைப் பாத்து இது ஆல்கஹாலா ஆசிடான்னு சொல்ல முடியாது. கடைசி இலக்கத்துக்கு மட்டும் ஒரு வேலை உண்டு, நம்பரை தப்பா டைப் பண்ணா அது காட்டிக் குடுக்கும். தண்ணியோட நம்பர் 7732-18-5. கடைசி 5-ஐ விட்டுட்டு வலது பக்கத்துலேர்ந்து வாங்க: 8-ஐ ஒண்ணால, 1-ஐ ரெண்டால, 2-ஐ மூணால, 3-ஐ நாலால, 7-ஐ அஞ்சால, அடுத்த 7-ஐ ஆறால பெருக்கி எல்லாத்தையும் கூட்டுங்க, 105 வரும், அதோட கடைசி இலக்கம் 5, சரியா பொருந்துதா? உங்க எத்தனாலுக்கு 45 வரும், மெத்தனாலுக்கு 61. நோட்டுல போட்டுப் பாருங்க.

சரி, பேர் இருக்கறப்ப நம்பர் எதுக்குன்னு கேப்பீங்க. ஆஸ்பிரினையே எடுத்துக்குங்க. அசிட்டைல்சாலிசிலிக் ஆசிட்னும் சொல்லலாம், 2-அசிடாக்ஸிபென்சாயிக் ஆசிட்னும் சொல்லலாம், ரெண்டுமே சரி, கூட கம்பெனிகாரங்க வச்ச பேரு வேற. 1892-ல ஜெனீவாவுல கெமிஸ்டுங்க கூடி பேர் வைக்க விதிமுறை போட்டாங்க, 1919-ல ஐயுபேக் அமைப்பு வந்து அந்த வேலைய எடுத்துக்கிச்சு, ஆனாலும் ஒரே பொருள் நாலு பேர்ல நாலு இடத்துல பதிவாகறது நிக்கல. அதனால பேரை நம்பாம அமைப்பையே, எந்த அணு எந்த அணுவோட பிணைஞ்சிருக்குங்கறதையே அடையாளமா எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணாங்க.

அதுலயும் ஒரு சிக்கல். ஒரே மூலக்கூறுல அணுக்களுக்கு நீங்க ஒரு வரிசைல 1, 2, 3-ன்னு நம்பர் போடுவீங்க, நான் வேற வரிசைல போடுவேன், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற பொருளா தெரியும். சிஏஎஸ்ல வேலை பாத்த ஹாரி மார்கன் 1965-ல இதுக்கு வழி சொன்னாரு. ஒவ்வொரு அணுவுக்கும் எத்தனை பக்கத்து அணு இருக்குன்னு முதல்ல எண்ணு, அதுதான் அதோட மதிப்பு. அப்புறம் பக்கத்துல இருக்கற அணுக்களோட மதிப்பையெல்லாம் கூட்டி புது மதிப்பா போடு, திரும்பவும் கூட்டு, இப்படியே போனா மூலக்கூறோட நடுவுல நெருக்கமா இருக்கற அணுவும் ஓரத்துல தொங்கற அணுவும் தனித்தனியா பிரிஞ்சிரும், இதுக்கு மேல பிரியலன்னு ஆனதும் நிறுத்திட்டு பெரிய மதிப்புலேர்ந்து நம்பர் போட ஆரம்பி. யார் வரைஞ்சாலும் வரிசை ஒண்ணாத்தான் வரும். இந்த முறைலேர்ந்து கிளை விட்ட கணக்குகள் இன்னிக்கும் மருந்து ஆராய்ச்சி சாஃப்ட்வேர்கள்ல ஓடிட்டு இருக்கு. கூட்டல் மட்டுமே வச்சு இவ்வளவு பெரிய சிக்கலை அவுத்தாரே, அதுக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல ஒரு கெமிஸ்ட் "இந்தப் பொருளை ஏற்கனவே யாராவது பண்ணியிருக்காங்களா"ன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டாரு?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை)

சார், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திட்டு இருந்தேன்.

பதில் ஒரு வார்த்தைல சொன்னா, மனுஷங்க படிச்சாங்க. ஒவ்வொரு கட்டுரையும் யாரோ ஒருத்தர் உக்காந்து படிச்சு நாலு வரி சுருக்கம் எழுதி, அதை இண்டெக்ஸ் பண்ணி, அச்சடிச்சு அனுப்பினாங்க. இது 1830-ல ஜெர்மனில ஆரம்பிச்சது, ஃபார்மசூட்டிஷஸ் சென்ட்ரல்ப்ளாட்னு பேரு, பின்னாடி கெமிஷஸ் சென்ட்ரல்ப்ளாட்னு ஆச்சு. 1969 வரைக்கும் வந்துச்சு, நடுவுல ரெண்டு உலகப்போர், நாடே ரெண்டா பிரிஞ்சது, எல்லாத்தையும் தாண்டி.

இன்னொரு பக்கம் ஃப்ரீட்ரிக் பைல்ஸ்டைன். ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல பிறந்து அங்கயே பேராசிரியரா இருந்தவரு. அப்ப தெரிஞ்சிருந்த கரிம சேர்மங்களையெல்லாம் வரிசைப்படுத்தி, எப்படித் தயாரிக்கறது, உருகுநிலை என்ன, கொதிநிலை என்னன்னு ஒரு கையேடு போட்டாரு. 1881-ல முதல் பதிப்பு வர ஆரம்பிச்சது, ரெண்டு தொகுதி, சுமார் 2,200 பக்கம். பைல்ஸ்டைன் கண்டுபிடிச்சு வச்ச ஹாலோஜன் சோதனையும் உண்டு, செம்புக் கம்பில பொருளைத் தொட்டு தீயில காட்டினா, குளோரின், புரோமின் மாதிரி ஹாலோஜன் அதுல இருந்தா பச்சையா எரியும், நீங்களே பசங்களுக்கு பண்ணிக் காட்டியிருப்பீங்க, அதே மனுஷன்தான். அவர் 1906-ல இறந்தப்பவே அந்த வேலை ஜெர்மன் கெமிக்கல் சொசைட்டி கைக்குப் போயிருச்சு, அப்புறம் அது வளந்து நூத்துக்கணக்கான தொகுதியாச்சு. எல்லாம் ஜெர்மன் மொழில, 1980-கள்ல அஞ்சாவது துணைத்தொகுதி வந்தப்பதான் ஆங்கிலத்துக்கு மாறிச்சு. அதுவரைக்கும் அமெரிக்காவுல கெமிஸ்ட்ரி பிஎச்.டி. பண்றவங்க ஜெர்மன் படிச்சே ஆகணும்னு பல யுனிவர்சிட்டில விதி, அதுக்கு இந்தப் புத்தகமும் ஒரு முக்கிய காரணம். ரெண்டாம் உலகப்போர் நடக்கறப்ப எதிரி நாட்டுப் புத்தகம்னு தெரிஞ்சும் அமெரிக்க அரசாங்கம் லைசென்ஸ் குடுத்து பைல்ஸ்டைனை அங்கயே மறுபதிப்பு போட வச்சுச்சு. சண்டை போடறவனுக்கும் அவசியமா இருந்த புத்தகம் சார் அது.

இப்ப அமெரிக்கா. 1907-ல கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்னு இதே மாதிரி ஒரு சுருக்கப் பத்திரிகை ஆரம்பிச்சாங்க, சிஏஎஸ்ங்கற பேரே இதுலேர்ந்து வந்ததுதான், முதல் எடிட்டர் வில்லியம் நாய்ஸ். முதல் வருஷம் 12,000-க்குக் கொஞ்சம் கம்மியா சுருக்கங்கள். 1909-ல ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு இடம் மாறினாங்க, அதனாலதான் இன்னிக்கும் கொலம்பஸ். 1915-லேர்ந்து 1958 வரைக்கும் இ. ஜே. க்ரேன்னு ஒருத்தர் எடிட்டரா இருந்தாரு, ஒரு மனுஷன் தன்னோட வாழ்க்கையையே அடுத்தவங்க ஆராய்ச்சிய தேடிக் கண்டுபிடிக்கற மாதிரி அடுக்கி வைக்கறதுக்குக் குடுத்திருக்காரு. சுருக்கம் எழுதினவங்கள்ல பெரும்பாலானவங்க வேற எங்கயோ வேலைல இருந்த கெமிஸ்டுங்க, ராத்திரி வீட்டுல உக்காந்து ஜப்பானிய, ரஷ்ய, ஜெர்மன் கட்டுரைய படிச்சு எழுதி அனுப்புவாங்க, கைல கிடைக்கற காசு பேருக்குத்தான். ஆயிரக்கணக்கான பேர் இப்படி இருந்தாங்க. எந்த நோபல் மேடைலயும் இவங்க பேரை யாரும் சொல்லல, ஆனா கெமிஸ்ட்ரி இவ்வளவு தூரம் வந்ததுல கண்டுபிடிச்சவங்களுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இவங்களுக்கும் இருக்குன்னு நான் உறுதியா நம்பறேன். ஏற்கனவே தெரிஞ்சதைத் திரும்பவும் தேடி எத்தனை பேரோட வருஷங்கள் வீணாகாம இவங்க காப்பாத்தியிருப்பாங்க, அதை யார் கணக்கெடுக்கறது.

தேடற முறைய கேட்டீங்கல்ல? பேர் தெரியாட்டியும் ஃபார்முலா தெரிஞ்சா போதும். அமெரிக்க பேட்டன்ட் ஆபீஸ்ல வேலை பாத்த எட்வின் ஹில் 1900-ல ஒரு வரிசை சொன்னாரு: முதல்ல கார்பன், அடுத்து ஹைட்ரஜன், மத்ததெல்லாம் ஆங்கில அகர வரிசைல. அந்த வரிசைப்படி போட்ட ஃபார்முலா இண்டெக்ஸை எடுத்து, பத்து வருஷத்துக்கு ஒருக்கா வந்த கூட்டு இண்டெக்ஸ் மொத்தத்தையும் டேபிள்ல அடுக்கி வச்சு, ஒவ்வொண்ணா புரட்டணும். ஒரு பொருளுக்கு ஒரு நாள் முழுக்க ஓடிரும். 1960-களோட கடைசில வருஷத்துக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல சுருக்கம் வர ஆரம்பிச்சது, லைப்ரரி அலமாரியே தாங்கல. அச்சுப் பதிப்பு 2010 தொடக்கத்தோட நின்னுருச்சு.

மூலக்கூறு ஒரு படம்தானே. அந்தப் படத்தை பழைய கம்ப்யூட்டருக்கு எப்படிப் புரிய வச்சாங்க?
(ஐடி ஊழியர், கோயமுத்தூர்)

படத்தை எழுத்தாக்கிட்டாங்க தம்பி. 1949-ல வில்லியம் விஸ்வெஸ்ஸர்னு ஒரு கெமிஸ்ட், பென்சில்வேனியாக்காரர், ஒரு வரி எழுத்து முறை கண்டுபிடிச்சாரு. ஆல்கஹால் பகுதிக்கு க்யூ, கார்பனைல் இருந்தா வி, நீளச் சங்கிலின்னா எத்தனை கார்பனோ அந்த நம்பர், பென்சீன் வளையத்துக்கு ஆர். எத்தனால் க்யூ2, அசிட்டோன் 1வி1, ஃபீனால் க்யூஆர். பன்ச் கார்டுல, அதாவது தகவலை ஓட்டை போட்டுப் பதியற அட்டைல, இடம் கம்மிங்கறதால இது ரொம்ப நல்லா செட் ஆச்சு, பெரிய மருந்து கம்பெனிகள் 1960-கள்லயும் 70-கள்லயும் இதை நம்பித்தான் தங்களோட சேர்மக் கணக்கை வச்சிருந்தாங்க.

அப்புறம் 1957. லூயிஸ் ரே, ரஸ்ஸல் கிர்ஷ்னு ரெண்டு பேர், அமெரிக்காவோட நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ்ல, சீயாக்ங்கற கம்ப்யூட்டர்ல ஒரு வேலை பண்ணாங்க. பேட்டன்ட் ஆபீஸோட பிரச்சனை அது, இந்த மாதிரி ஒரு துண்டு அமைப்பு உள்ள இருக்கற சேர்மமெல்லாம் எது எதுன்னு தேடிக் குடுக்கணும். அணுக்களையும் பிணைப்பையும் பட்டியலா போட்டு, ஒரு அணுவுல ஆரம்பிச்சு பொருந்துதான்னு பாத்துட்டே போய், பொருந்தலன்னா பின்னாடி வந்து அடுத்ததை முயற்சி பண்ற ப்ரோக்ராம். நீங்க பேக்டிராக்கிங்னு படிச்சிருப்பீங்களே, அதேதான். அதே கிர்ஷ் அதே வருஷம் அதே மெஷின்ல தன்னோட கைக்குழந்தை போட்டோவை ஸ்கேன் பண்ணாரு, 176-க்கு 176 பிக்சல், முதல் டிஜிட்டல் போட்டோன்னு சொல்ற படம் அதுதான்.

ஐபிஎம்ல ஹான்ஸ் பீட்டர் லூன் இருந்தாரு, அவரைத் தேடல் பக்கம் இழுத்துட்டு வந்ததே கெமிஸ்டுங்கதான். 1940-களோட கடைசில மால்கம் டைசன், ஜேம்ஸ் பெர்ரின்னு ரெண்டு கெமிஸ்டுங்க ஐபிஎம்கிட்ட போய் எங்க சேர்மக் குறியீட்டை மெஷின்ல தேட முடியுமான்னு கேட்டாங்க, லூன்கிட்ட வேலை வந்துச்சு, அவர் அதுக்கப்புறம் அந்தத் துறைய விட்டு வெளிய வரல. கட்டுரைத் தலைப்புல இருக்கற ஒவ்வொரு முக்கிய வார்த்தையையும் நடுவுல வச்சு அச்சடிக்கற இண்டெக்ஸ் அவரோடது, சிஏஎஸ் 1960-களோட தொடக்கத்துல கெமிக்கல் டைட்டில்ஸ்னு கம்ப்யூட்டர்லயே தயாரிச்சு விட்ட பத்திரிகை அந்த முறைலதான் வந்துச்சு. கிரெடிட் கார்டு நம்பர் சரியான்னு பாக்கற கணக்கும் இதே லூனோடதுதான்.

நீங்க இன்னிக்கு பைத்தான்ல பாக்கற ஸ்மைல்ஸ் குறியீடு டேவிட் வைனிங்கரோடது, கட்டுரை 1988-ல வந்துச்சு. எத்தனால்னா சி, சி, ஓ, மூணே எழுத்து. ஹைட்ரஜனை எழுதவே வேண்டாம், கம்ப்யூட்டரே கணக்கு போட்டுக்கும். படிச்ச அரை மணி நேரத்துல கைல எழுத வந்துரும், விஸ்வெஸ்ஸர் முறைக்கு அப்படி இல்ல, விதிகளைப் படிக்கவே தனியா பயிற்சி வேணும். அதனாலதான் ஒண்ணு மறைஞ்சு ஒண்ணு நின்னுச்சு.

இம்பாக்ட் ஃபேக்டர்னு சொல்லி எங்க உயிரை எடுக்கறாங்க. இதை யார் ஆரம்பிச்சு வச்சது?
(ஆராய்ச்சி மாணவர், சிதம்பரம்)

யூஜின் கார்ஃபீல்டு. நியூயார்க்ல 1925-ல பிறந்தவரு, படிச்சது கெமிஸ்ட்ரி. 1955-ல சயன்ஸ் இதழ்ல அவர் ஒரு யோசனை எழுதினாரு: ஒரு கட்டுரைக்கு அப்புறம் அதை யார் யார் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு பட்டியல் போட்டா ஒரு கருத்து எங்கெல்லாம் போச்சுன்னு பின்தொடரலாம். இந்த யோசனை வக்கீல்கள்கிட்டேர்ந்து வந்தது, ஒரு தீர்ப்பு பின்னாடி எந்த வழக்குல எடுத்தாளப்பட்டுச்சுன்னு காட்டற ஷெப்பர்ட்ஸ் பட்டியல் அமெரிக்காவுல 1873-லேர்ந்தே இருக்கு. கார்ஃபீல்டு நியூஜெர்சில ஒரு பழைய கோழிக்கொட்டகைய ஆபீஸா மாத்தி தொழில் ஆரம்பிச்சாரு, அது பின்னாடி ஃபிலடெல்ஃபியாவுல பெரிய கம்பெனியாச்சு. 1961-ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில மொழியியல்ல பிஎச்.டி. வாங்கினாரு, தலைப்பு என்ன தெரியுமா, கெமிக்கல் பேரைப் படிச்சு மெஷின் ஃபார்முலா எழுதறது எப்படி. 1955-ல சொன்ன அந்த மேற்கோள் பட்டியல், சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்ங்கற பேர்ல 1960-கள்ல வந்துச்சு.

கரண்ட் கன்டென்ட்ஸ்னு அவரோட வாராந்திரப் புத்தகம் ஒண்ணு இருந்துச்சு, உலக ஜர்னல்களோட உள்ளடக்கப் பக்கங்களை மட்டும் சேர்த்து சின்ன சைஸ்ல. ஜர்னல் வாங்க பட்ஜெட் இல்லாத நம்ம ஊர் ஆராய்ச்சியாளர்கள் அதுல தலைப்பைப் பாத்து, பின்னாடி இருக்கற ஆசிரியர் முகவரிக்கு "உங்க கட்டுரையோட ஒரு பிரதி அனுப்புங்க"ன்னு தபால் கார்டு போடுவாங்க, கொஞ்ச நாள்ல கவர் வரும். உங்க கைடுகிட்ட கேளுங்க, வயசானவரா இருந்தா அவரே கார்டு போட்டிருப்பாரு.

இம்பாக்ட் ஃபேக்டரை அவரும் இர்விங் ஷெர்னு ஒருத்தரும் சேர்ந்து கொண்டு வந்தது, இண்டெக்ஸ்ல எந்த ஜர்னலைச் சேக்கறதுன்னு முடிவு பண்ண. ஒரு ஜர்னல்ல வர்ற கட்டுரைகளை சராசரியா எத்தனை தடவை மத்தவங்க மேற்கோள் காட்டறாங்கங்கற எண், ஜர்னலை அளக்கற கோல் அது. அதை வச்சு ஒரு தனி மனுஷனோட வேலைய, ப்ரமோஷனை அளக்கறது தப்பு, கார்ஃபீல்டே இதைப் பத்தி எச்சரிச்சிருக்காரு. உங்க கோவம் நியாயம்தான், ஆனா அவர் மேல வேண்டாம்.

இந்த வரலாறுல நம்ம ரங்கநாதனுக்கு இடம் உண்டா?
(நூலகர், தஞ்சாவூர்)

உண்டு, பெரிய இடமே உண்டு. சீர்காழில 1892-ல பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகரானவரு, 1933-ல புத்தகங்களைப் பொருள்வாரியா பிரிச்சு அடுக்கற கோலன் வகைப்பாட்டை வெளியிட்டாருன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. கெமிஸ்ட்ரிக்கு அது எப்படிப் போச்சுங்கறதுதான் பல பேருக்குத் தெரியாது. இங்கிலாந்துல பிரையன் விக்கரின்னு ஒருத்தர், ஆக்ஸ்ஃபோர்டுல கெமிஸ்ட்ரி படிச்சவரு, ஐசிஐ கெமிக்கல் கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடத்துல நூலகர். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து 1952-ல லண்டன்ல ஒரு வகைப்பாட்டு ஆய்வுக் குழு ஆரம்பிச்சாங்க, ரங்கநாதனோட கோணப் பகுப்புதான் அவங்களுக்கு அடிப்படை. ஒரு தொழிற்சாலை அறிக்கைய ஒரே தலைப்புக்குக் கீழ அடைக்க முடியாது, எந்தப் பொருள், அதுக்கு என்ன பண்ணாங்க, எந்தக் கருவில, எங்க, எப்பன்னு தனித்தனியா பிரிச்சு வேணுங்கற மாதிரி சேத்துக்கணும். 1955-ல அந்தக் குழு எல்லா தகவல் தேடலுக்கும் இந்தப் பகுப்புதான் அடித்தளமா இருக்கணும்னு அறிக்கையே விட்டுச்சு. இன்னிக்கு எந்த டேட்டாபேஸ்லயும் இடது பக்கம் ஃபில்டர் பட்டன்கள் இருக்கே, அது இந்த வழில வந்ததுதான்.

இந்தத் துறைல பெண்கள் யாரும் இல்லையா?
(வாசகி, திருநெல்வேலி)

ஒல்கா கென்னார்டு. புடாபெஸ்ட்ல 1924-ல பிறந்து, போர் சமயத்துல குடும்பத்தோட இங்கிலாந்து வந்தவங்க. 1965-ல கேம்பிரிட்ஜ்ல உலகத்துல எக்ஸ்ரே மூலமா கண்டுபிடிச்ச படிக அமைப்பையெல்லாம் ஒரே இடத்துல சேக்க ஆரம்பிச்சாங்க. சும்மா சேத்தது மட்டுமில்ல, ஒவ்வொரு அமைப்பையும் திரும்பக் கணக்கு போட்டு சரிபாத்தாங்க, ஜர்னல்ல அச்சான எண்கள்ல இருந்த பிழைய இவங்க குழு கண்டுபிடிச்சுத் திருத்தும். தனித்தனி அமைப்பை விட எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாத்தா புது அறிவு கிடைக்கும்னு அவங்க நம்பினாங்க, அது நடந்துச்சு. 2019-ல அந்தத் தொகுப்பு பத்து லட்சம் அமைப்பைத் தொட்டப்ப அம்மா உயிரோட இருந்தாங்க, 2023-லதான் காலமானாங்க.

புரதங்களுக்கு இதே மாதிரி ஒரு வங்கி 1971-ல அமெரிக்காவுல புரூக்ஹேவன்ல ஏழே ஏழு அமைப்போட ஆரம்பிச்சது. அதுல வர்ற அமைப்புகளைச் சரிபாக்கற சோதனைகள்ல ஒண்ணு ராமச்சந்திரன் வரைபடம், 1963-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டில ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் போட்டது.

இதெல்லாம் காசு கட்டினாத்தான் பாக்க முடியுமா? எங்க காலேஜ்ல எந்த சப்ஸ்கிரிப்ஷனும் இல்ல.
(எம்.எஸ்ஸி. மாணவர், தர்மபுரி)

சிஏஎஸ்ஸோட முழு சேவைக்குக் காசு கட்டணும், சின்ன காலேஜுக்குக் கட்டுப்படியாகாது. ஆனா 2004-ல அமெரிக்க அரசாங்கத்தோட சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் பப்கெம்னு ஒண்ணை இலவசமா திறந்துச்சு. அடுத்த வருஷமே அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி எதிர்ப்பு தெரிவிச்சது, நாங்க பல வருஷமா உழைச்சு பண்றதை அரசாங்கம் வரிப்பணத்துல போட்டிக்கு வந்து பண்ணலாமான்னு. அவங்க கவலைலயும் ஒரு நியாயம் இருக்கு, அவ்வளவு பேர் உக்காந்து படிச்சு சரிபாக்கறதுக்கு சம்பளம் எங்கேர்ந்தாவது வரணும். ஆனாலும் தர்மபுரில இருக்கற ஒரு மாணவருக்கு கதவு சாத்தியிருக்கக் கூடாதுங்கறதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே கிடையாது, பப்கெம் நின்னது நல்லதுக்குத்தான். இப்ப அதுல 10 கோடிக்கும் மேல சேர்மங்கள். பிரிட்டன்ல ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி நடத்தற கெம்ஸ்பைடரும் இலவசம். சிஏஎஸ்ஸே காமன் கெமிஸ்ட்ரின்னு ஒரு தளத்துல அதிகமா பயன்படற சேர்மங்களோட நம்பரையும் விவரத்தையும் சும்மாவே குடுக்குது. மூலக்கூறோட அமைப்பை எழுத்தா எழுதற இன்ச்சி குறியீட்டை ஐயுபேக் 2005-ல வெளியிட்டுச்சு, அதையும் யாரும் காசில்லாம பயன்படுத்தலாம், கூகுள்ல அதோட சுருக்கமான 27 எழுத்து வடிவத்தை, கீன்னு சொல்றதை, போட்டாலே அந்தப் பொருள் வர்ற பக்கங்கள் கிடைக்கும்.

நீங்க ப்ராஜெக்ட் ஆரம்பிக்கறப்ப முதல் வேலையா பப்கெம்ல உங்க மூலக்கூறை வரைஞ்சு தேடுங்க, பேரைப் போட்டுத் தேடாதீங்க. அப்படியே பேட்டன்ட் பகுதியையும் பாருங்க, ஜர்னல்ல வராத தயாரிப்பு முறைகள் பல அதுல இருக்கும். பாதுகாப்புத் தகவலும் அதே பக்கத்துல கீழ இருக்கும், லேப்ல கை வைக்கறதுக்கு முன்னாடி அதைப் படிச்சிருங்க தம்பி. கிடைக்கற தகவல் எந்த மூலத்துலேர்ந்து வந்ததுன்னு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே போட்டிருப்பாங்க, யார் வேணாலும் அனுப்பற பதிவும் அதுல உண்டு, அதனால ஒரே உருகுநிலைக்கு ரெண்டு மூணு எண் இருந்தா மூலக் கட்டுரைய தேடி எடுத்துப் பாத்துட்டு எழுதுங்க.